குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்: ஆன்லைன் பட்டத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போவோருக்கு

கோவையில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது நேர்முகத் தேர்வு அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். திரும்பத் திரும்ப நான் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. வந்தவர் பெயர், ஊர், அனுபவம் எல்லாவற்றையும் கணீரென்று சொல்வார். "டிகிரி எங்க படிச்சீங்க?" என்றதும் குரல் இறங்கிவிடும். "அது வந்து... கரஸ்ல சார்." இப்போது அந்தச் சொல் "ஆன்லைன்ல சார்" என்று மாறியிருக்கிறது. குரல் மட்டும் அப்படியே இறங்குகிறது.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வருவது பட்டத்தால் அல்ல, அந்தக் குரலால்தான். "இவரே இதை மறைக்கப் பார்க்கிறாரே, உள்ளே ஏதோ இருக்கிறது" என்று தோன்றிவிடுகிறது.

நானும் எம்.ஏ.வைத் தபால் வழியில் படித்தவன். முதல் நேர்முகத் தேர்வில் அந்த அதிகாரி என் கோப்பைத் திறந்து, முறையைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூடி வைத்தார். அந்த வலி எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்: நான் போன இடமே தவறு. அந்த வேலைக்கான விளம்பரத்திலேயே 'முழுநேரப் படிப்பு மட்டும்' என்று போட்டிருந்தார்கள்.

முதல் படி: பட்டம் செல்லுமா என்று நீங்களே பாருங்கள்

நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு இதை முடித்துவிடுங்கள். இன்னும் சேரவே இல்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்.

ரெகுலர் என்பது தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பது. தொலைநிலை என்பது புத்தகம் வீட்டுக்கு வந்து, தொடர்பு வகுப்புக்கு வார இறுதியில் போய், தேர்வு மையத்தில் எழுதுவது. இதைத்தான் நம் ஊரில் கரஸ் என்கிறோம். பாடம், பயிற்சி, உள்மதிப்பீடு எல்லாம் இணையத்தின் வழியே நடந்தால் ஆன்லைன். கடைசி இரண்டுக்கும் சேர்த்து பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2020-இல் ஒரே ஒழுங்குமுறை விதியைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த இரண்டு முறைகளில் எதில் பட்டம் கொடுத்தாலும், அது ரெகுலர் பட்டத்துக்கு இணையானது என்று அந்த விதி சொல்கிறது. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தனி அறிவிப்பாகவும் இதை வெளியிட்டது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்றை உங்கள் கோப்பில் வையுங்கள். யாரிடமும் அதை நீட்டி வாதாடத் தேவையில்லை. கையில் இருந்தால் உங்களுக்கே தெம்பாக இருக்கும்.

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருப்பது போதாது. அந்தப் பாடத்தை, அந்த முறையில், நீங்கள் சேர்ந்த அந்தக் கல்வியாண்டில் நடத்த அதற்கு அனுமதி இருந்ததா என்பதுதான் கேள்வி. ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டு அனுமதி இருக்கும், அடுத்த ஆண்டு இருக்காது. பி.காம்.க்கு இருக்கும், இன்னொரு பாடத்துக்கு இருக்காது. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகம் (டி.இ.பி. என்பார்கள்) தன் இணையதளத்தில் ஆண்டுவாரியாக இந்தப் பட்டியலைப் போடுகிறது. நீங்கள் சேர்ந்த ஆண்டின் பட்டியலில் உங்கள் பாடம் இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் இந்த முறைகளில் சேருகிறவர்கள் டி.இ.பி. எண் ஒன்றைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது கட்டாயம். அப்படிச் சேர்ந்தவர்கள் அந்த எண்ணையும் குறித்து வையுங்கள்.

சில பாடங்களை இந்த முறைகளில் படிக்கவே முடியாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், சட்டம், கட்டடக் கலை எல்லாம் இதில் அடக்கம். பிஎச்.டி.யும் அப்படித்தான். பி.எட்.டைத் தொலைநிலையில் படிக்க முடியும், ஆனால் ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், ஆசிரியர் பயிற்சியை நேரடி முறையில் முடித்தவர்களுக்கும்தான் அது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களில் கை வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து, தேர்வெழுதித் தேற வாய்ப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டத்தை ரத்தே செய்தது. பல ஆண்டுகளாக வேலையில் இருந்தவர்கள்கூட அதில் மாட்டினார்கள்.

பேருந்து நிலையம் பக்கத்து மாடியில் போர்டு மாட்டி, 'ஒரே வருடத்தில் டிகிரி' என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். பல்கலைக்கழகம் தன் படிப்பை வேறொருவருக்குக் குத்தகை போல விட யு.ஜி.சி. விதியில் இடமில்லை. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வேண்டும். பட்டத்தில் போட்டிருக்கும் சேர்க்கைத் தேதியையும் முடித்த தேதியையும் கழித்துப் பார்த்தாலே சரிபார்ப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் எல்லைக்குள்தான் நடத்தலாம். ஆன்லைனுக்கு அந்த எல்லை கிடையாது. வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'படிப்பு மையம்' உங்கள் ஊரில் இருந்தால், ஏன் இங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது படி: எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரசு வேலை என்றால் நேர்முகத் தேர்வில் உங்கள் சாமர்த்தியத்துக்கு வேலையில்லை. விதிதான் பேசும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ் டூ அல்லது அதற்கு இணையானது, பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-இல் அரசாணை 107 வந்தது. வரிசை சரியாக இருந்தால் தொலைநிலைப் பட்டத்தோடு டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம். எழுதி வென்று இன்று அலுவலகங்களில் இருப்பவர்கள் ஏராளம். பாடத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ளதிலிருந்து மாறுபட்டால் இரண்டும் இணையானவை என்று சொல்லும் அரசாணை (இணைக்கல்வித் தகுதி அரசாணை) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பிரெஷர்களை எடுக்கும்போது நிலைமை வேறு. பல விளம்பரங்களில் 'முழுநேரப் படிப்பு மட்டும், கரெஸ்பாண்டன்ஸ் கூடாது' என்ற வரியைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் சல்லடை போட அவர்களுக்கு ஒரு வழி வேண்டும், அதற்கு இது. நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வரியோடு மோதி நேரத்தை வீணாக்காதீர்கள். அதே நிறுவனத்தில் இரண்டு ஆண்டு அனுபவத்தோடு பக்கவாட்டில் நுழையும்போது அந்தச் சல்லடை பெரும்பாலும் தளர்ந்திருக்கும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு போன்றவை வந்த பிறகு, ஆன்லைன் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதும் குறைந்திருக்கிறது. அந்தப் படிப்பில் பாடம் இணையத்தில், முக்கியத் தேர்வுகள் நேரில் மையத்தில். அந்த ஏற்பாடு நேர்முகம் காண்பவருக்கு நம்பிக்கை தருகிறது.

மூன்றாவது வகை எங்களைப் போன்றவர்கள். ஐம்பது பேர், முந்நூறு பேர் வேலை செய்யும் தொழிற்கூடங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், மருத்துவமனை நிர்வாகம், லாஜிஸ்டிக்ஸ். உங்கள் உண்மையான வாய்ப்பு இங்கேதான் அதிகம். எங்களுக்குத் திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆள் வேண்டும்.

மூன்றாவது படி: ரெஸ்யூமில் முறையை எழுதுங்கள்

படித்த முறையைப் பட்டச் சான்றிலும் மதிப்பெண் பட்டியலிலும் குறிக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. ஆகவே நீங்கள் மறைத்தாலும் காகிதம் சொல்லிவிடும். எழுதும்போது படிப்பையும் அதே காலத்தில் செய்த வேலையையும் அடுத்தடுத்து வையுங்கள். இப்படி:

பி.காம்., தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தொலைநிலை முறை, 2021–2024.
அதே ஆண்டுகளில்: உதவிக் கணக்காளர், தென்னை நார் ஆலை, பொள்ளாச்சி.

இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படிப்பவருக்கு 'ஏன் ரெகுலர் போகவில்லை' என்ற கேள்வியே எழாது. வேலைக்குப் போகாதவர் என்றால், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டதையோ போட்டித் தேர்வுக்குப் படித்ததையோ ஒரு வரியில் எழுதலாம். வெற்றிடமாக விடாதீர்கள்.

ஓர் இளைஞரின் கதை இங்கே உதவும். ஆன்லைனில் எம்.சி.ஏ. முடித்தவர், கெட்டிக்காரர், எங்களிடம் தேர்வாகிவிட்டார். விண்ணப்பப் படிவத்தில் படிப்பு முறை என்ற இடத்தில் 'முழுநேரம்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். சான்றிதழ் சரிபார்ப்பில் ஆன்லைன் என்று வந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆன்லைன்னு போட்டா கூப்பிட மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார் சார்" என்றார். அந்த வேலைக்கு ஆன்லைன் பட்டமே போதும். உண்மையைப் போட்டிருந்தால் அன்றே சேர்ந்திருப்பார். படிவத்தில் தவறான தகவல் என்று ஆன பிறகு என்னால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

நான்காவது படி: கோப்பு

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல் அல்லது பட்டமளிப்புச் சான்று, மாற்றுச் சான்று. இவற்றோடு டி.இ.பி. பட்டியலின் அச்சு, கட்டணம் கட்டிய ரசீதுகள், தேர்வு ஹால் டிக்கெட்டுகள். ஹால் டிக்கெட்டை எல்லாரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எந்த ஊரில், எந்த மையத்தில், எந்தத் தேதியில் உட்கார்ந்து எழுதினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டிஜிலாக்கரில் உங்கள் மதிப்பெண் ஏறியிருந்தால் கைபேசியில் திறந்து காட்டத் தயாராக இருங்கள். சில நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீரும்.

ஐந்தாவது படி: அறைக்குள்

முதல் விதி, நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதுமே, "காலையில வேலை, ராத்திரி படிப்புன்னு மூணு வருஷம் தொலைநிலையில பி.காம். முடிச்சேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். கேட்ட பிறகு சொன்னால் வாக்குமூலம் போலாகிவிடும்.

"ஏன் ரெகுலர் போகல?" என்று கேட்டால் இரண்டே வாக்கியம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்றால் அதைச் சொல்லி நிறுத்துங்கள். குடும்பக் கஷ்டத்தை விரித்துச் சொன்னால் எதிரே இருப்பவர் பரிதாபப்படுவார். பரிதாபத்தில் யாரும் வேலை கொடுப்பதில்லை. பிளஸ் டூவில் மதிப்பெண் குறைவு, கல்லூரி கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லலாம். "அப்போ சரியாப் படிக்கல சார். டிகிரியில எழுபது சதவீதம் எடுத்திருக்கேன்" என்று ஒரு பெண் சொன்னபோது எங்கள் மூவருக்கும் அவர் மேல் மரியாதை வந்தது.

"பரீட்சை எப்படி எழுதினீங்க?" என்ற கேள்வி சாதாரணமாகத் தோன்றும். உண்மையில் அவர் கேட்பது, 'நீங்களேதான் எழுதினீர்களா' என்று. கோபப்படாதீர்கள். மையத்தின் பெயர், கண்காணிப்பு எப்படி இருந்தது, எந்தத் தாள் கஷ்டமாக இருந்தது, எதில் அரியர் வைத்து எப்போது எழுதித் தேறினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படித்தவர் என்றால் ஜூன், டிசம்பர் தேர்வுகளையும் அசைன்மென்ட் எழுதிக் கொடுத்ததையும் சொல்லலாம். வேறொருவரை வைத்து எழுதியவருக்கு இந்த விவரங்கள் வாயில் வராது.

அடுத்து பாடத்திலிருந்து கேட்பார்கள். இங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள், இங்கேதான் ஜெயிக்கவும் முடியும். ரெகுலரில் படித்தவருக்கு ஒரு பதில் தவறினால் 'பதற்றம்' என்று விட்டுவிடுவோம். ஆன்லைனில் படித்தவருக்குத் தவறினால் 'அதான் பார்த்தேனே' என்று தோன்றும். இந்த ஓரவஞ்சனை தவறுதான். இருந்தாலும் இருக்கிறது. ஆகவே அடிப்படையைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போங்கள். பி.காம். என்றால் தேய்மானம், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், ஜி.எஸ்.டி. பி.சி.ஏ., எம்.சி.ஏ. என்றால் ஒரு டேபிளை ஏன் பிரிக்கிறோம், ஜாயின் எப்படிப் போடுவது, நீங்களே எழுதிய ஒரு சிறிய புரோகிராம்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் கொஞ்சம் கறாரானவர். கோப்பைப் புரட்டிவிட்டு, "கரஸ் பி.காம்.மா? சரிம்மா, நம்ம பர்ச்சேஸ்ல ஒரு பில் இருக்கு, 2பி-யில வரல. என்ன பண்ணுவீங்க?" என்றார். ஜி.எஸ்.டி. வேலை செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். நமக்கு விற்றவர் தன் கணக்கில் அந்த பில்லை ஏற்றினால்தான் அடுத்த மாதம் 14-ஆம் தேதி நம் 2பி அறிக்கையில் அது தெரியும். தெரிந்தால்தான் வரியைக் கழித்துக்கொள்ள முடியும்.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "முதல்ல நம்ம என்ட்ரியில ஜி.எஸ்.டி. நம்பர் சரியாப் போட்டிருக்கோமான்னு பார்ப்பேங்க சார். சில சமயம் நம்ம தப்பாவே இருக்கும். சரியா இருந்தா அந்தப் பார்ட்டிக்கு போன் பண்ணுவேன். 11-ஆம் தேதிக்குள்ள ஏத்தலைன்னா அந்த மாசம் கிரெடிட் எடுக்காம தனியா எழுதி வெச்சுக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். பென்சிலால் கோடு போட்டு, பார்ட்டி பெயர், பில் எண், தொகை, போன் செய்த தேதி, அவர்கள் சொன்ன பதில். முடிந்தவற்றின் மேல் சிவப்பு மையில் ஒரு டிக். சில வரிகளில் மூன்று முறை போன் செய்த தேதி இருந்தது. மேலாளர் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அதன் பிறகு பட்டத்தைப் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை. "எப்போ வர முடியும்மா?" என்றுதான் கேட்டார்.

உங்கள் நோட்டு எது என்று யோசியுங்கள். கணக்கு வேலை என்றால் அப்படி ஒரு பதிவு, கணினி வேலை என்றால் ஓடுகிற ஒரு சின்ன செயலி, விற்பனை என்றால் மாதவாரியாக நீங்கள் பிடித்த ஆர்டர். பழைய நிறுவனத்தின் ரகசியத் தகவல் இருந்தால் மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.

"தனியாப் படிச்சவங்க, எல்லார்கூடவும் சேர்ந்து வேலை செய்ய வருமா?" என்று சிலர் கேட்பார்கள். தொடர்பு வகுப்பில் சேர்ந்து படித்த நண்பர்கள், வாட்ஸாப் குழுவில் நீங்கள் நடத்திய படிப்பு, வேலையிடத்தில் யாருக்காவது நீங்கள் கற்றுக்கொடுத்தது, இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும்.

2022-க்குப் பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது. இரண்டின் ஆண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, இது தெரியாத ஒருவர் 'எப்படி முடியும்' என்று கேட்கலாம். ஒன்று கல்லூரியில், ஒன்று ஆன்லைனில் என்று பொறுமையாக விளக்குங்கள்.

ஆறாவது படி: தேர்வான பிறகு

சான்றிதழ் சரிபார்ப்பு என்பது வெளி ஏஜென்சி ஒன்று பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதி, உண்மைத்தன்மையை உறுதி செய்துகொள்வது. சில பல்கலைக்கழகங்களிலிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும். உங்கள் பதிவு எண், சேர்ந்த ஆண்டு, முடித்த மாதம் மூன்றும் விண்ணப்பத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தால் சீக்கிரம் முடியும். பெயரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறியிருந்தால் அதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நான் பார்த்த தாமதங்களில் பாதி இனிஷியலால் வந்தவை.

சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்று மின்னஞ்சல் வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். புது இடத்தில் அவசரப்படுத்துவார்கள். "சரிபார்ப்பு முடிஞ்ச அன்னைக்கே பேப்பர் போட்டுடறேங்க, அதிலிருந்து முப்பது நாள்ல வந்துடறேன்" என்று சொல்லுங்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன யாரையும் நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை.